பந்தைத் தொடாத முக்கால் வினாடி



கோல்ஃப் கற்கத் தொடங்கியிருப்பவர்களுக்காகப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். முழு ஆட்டத்தையும் ஒரு மாலைப்பொழுதில் பேசினால் உங்கள் மனதில் ஒன்றும் தங்காது. அதனால் ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டேன்: பேக்ஸ்விங். பந்துக்குப் பின்னால் தரையில் இருக்கும் மட்டையை எடுத்துத் தோளுக்கு மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது வரையிலான அசைவு. அதற்குப் பின் மட்டை கீழே வந்து பந்தை அடிப்பதைப் பற்றி இன்று அதிகம் சொல்லப்போவதில்லை. ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

ஜான் நொவோசெல் என்ற அமெரிக்கர் 2004இல் ‘டூர் டெம்போ’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். முன்னணித் தொழில்முறை ஆட்டக்காரர்களின் வீடியோக்களை எடுத்துவைத்து, ஒவ்வொரு படமாக எண்ணிப் பார்த்தவர் அவர். வினாடிக்கு 30 படங்கள் ஓடும் வீடியோவில், மட்டை மேலே போக 24 படங்கள், கீழே வந்து பந்தைத் தொட 8 படங்கள். கொஞ்சம் நிதானமானவர்களுக்கு 27க்கு 9, வேகமானவர்களுக்கு 21க்கு 7. ஆள் மாறினாலும் விகிதம் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்றாகவே நிற்கிறது. அதாவது மேலே போகச் சுமார் முக்கால் வினாடி, கீழே வரச் சுமார் கால் வினாடி. பந்தும் மட்டையும் ஒட்டியிருக்கும் நேரமோ, ஒரு வினாடியை இரண்டாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு.

கால் வினாடிக்குள் ஒரு பிழையை உணர்ந்து, கைக்குச் சொல்லி, கை அதைத் திருத்துவது மனிதனால் ஆகிற காரியமில்லை. கீழே வரும்போது நடப்பதெல்லாம் மேலே போகும்போதே முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். புதிதாகக் கற்பவர் தன் புத்தியைப் பயன்படுத்தக்கூடிய இடம் அந்த முக்கால் வினாடியும், அதற்கு முன் அசையாமல் நிற்கும் நேரமும்தான். கிரிக்கெட்டில் யாரோ பந்து வீசுகிறார், நீங்கள் அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். இங்கே பந்து தரையில் கிடக்கிறது. நீங்கள் தொடங்கும் வரை அது எங்கும் போகாது. அப்படியிருந்தும் நாம் ரயிலைப் பிடிக்க ஓடுபவர்களாய் மட்டையைப் பிடுங்கி இழுக்கிறோம்.

சரி, இந்த பேக்ஸ்விங் எதற்கு? பந்தை அடிப்பது அதன் வேலை இல்லை. திருத்தம் எதுவும் தேவைப்படாமல் மட்டை கீழே இறங்கி வரக்கூடிய ஓர் இடத்துக்கு அதைக் கொண்டுபோய் வைப்பது மட்டும்தான் வேலை. 1968இல் அலஸ்டர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் எழுதிய ஒரு புத்தகம் பிரிட்டனில் வந்தது. முழுமையான ஸ்விங் எது என்று அறிவியல் முறையில் தேடிய ஆராய்ச்சியின் விளைவு அது. கோல்ஃப் ஸ்விங்கை அவர்கள் இரண்டு கோல்களாகச் சுருக்கிக் காட்டினார்கள். மேல் கோல், தோளும் கையும் சேர்ந்தது. மார்பை மையமாக வைத்துச் சுற்றுவது. கீழ்க் கோல் மட்டை. இரண்டையும் இணைக்கும் கீல் மணிக்கட்டு. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டால் பேக்ஸ்விங்கில் செய்யவேண்டியவை இரண்டே. மேல் கோலைச் சுழற்றுவது, கீலை மடக்குவது. உடம்பைத் திருப்பு, மணிக்கட்டை மடக்கு. இதற்கு மேல் நான் சொல்லப்போவதெல்லாம் இந்த இரண்டின் விளக்கவுரைதான்.

இவ்வளவு எளிது என்றால், தொலைக்காட்சியில் வரும் பெரிய ஆட்டக்காரர்கள் ஏன் ஆளுக்கொரு விதமாக ஆடுகிறார்கள்? ஜிம் ஃப்யூரிக்கைப் பாருங்கள். மட்டையை நெட்டுக்குத்தாக வெளிப்பக்கம் தூக்கி, மேலே ஒரு வளையம் போட்டு, வேறொரு வழியாக இறக்குவார். எந்தப் பாடநூலிலும் அப்படி ஒரு படம் கிடையாது. அவர் 2003இல் யுஎஸ் ஓபனை வென்றார். 2016இல் பிஜிஏ டூர் போட்டி ஒன்றில் ஒரே சுற்றை 58 அடிகளில் முடித்தார். மன்ற ஆசிரியராக இருந்த அவருடைய அப்பாதான் அவருக்கு ஒரே குரு. அந்த வளையத்தை நேராக்கு என்று அவர் மகனைக் கட்டாயப்படுத்தவில்லை. ஜான் டேலியின் மட்டை தலைக்கு மேலே போய், தோளைத் தாண்டி, மறுபக்கம் தரையைப் பார்த்துத் தொங்கும். ஜான் ராம் அதற்கு நேர் எதிர். தோள் உயரத்தைத் தாண்டியதும் நிறுத்திவிடுவார். பிறக்கும்போதே அவருடைய வலக் கால் வளைந்திருந்தது. அந்தக் கணுக்கால் முழுதாக அசையாது, கால் கொஞ்சம் குட்டையும்கூட. நீண்ட பேக்ஸ்விங் அவர் உடம்புக்கு ஒத்துவராது. அந்தக் குட்டை ஸ்விங்கை வைத்துக்கொண்டு 2021 யுஎஸ் ஓபனையும் 2023 மாஸ்டர்ஸையும் வென்றார். ஹிதேகி மட்சுயாமா உச்சியில் போய் ஒரு கணம் அப்படியே நிற்பார். நின்றுவிட்டு இறங்கித்தான் 2021 மாஸ்டர்ஸை வென்றார்.

இவர்கள் எல்லோரும் பந்தைத் தொடும் கணத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பார்கள். உச்சியில் நிற்கும் கோலம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. உச்சிக் கோலம் என்பது அவரவர் உடம்பு கண்டுபிடித்த தீர்வு. அதனால்தான் ஒரு பெரிய ஆட்டக்காரரின் படத்தைக் கைபேசியில் நிறுத்திவைத்து, கண்ணாடி முன் நின்று அதே கோலத்தைப் பிடிக்கப் பாடுபடுவதை நான் வீண் வேலை என்கிறேன். கோலம் கடைசியில் தானாக அமைவது. கற்க வேண்டியது வரிசையை. எது முதலில் அசைகிறது, எது பின்னால் வருகிறது என்பதை.

இங்கே கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டியிருக்கிறது. உங்களுக்குக் கிடைக்கப்போகும் அறிவுரைகளில் பாதி வேறொரு காலத்து மட்டைக்காகச் சொல்லப்பட்டவை.

பாபி ஜோன்ஸ் 1930இல் அமெரிக்க, பிரிட்டிஷ் ஓபன்களையும் இரு நாட்டு அமெச்சூர் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். 28 வயதில் போட்டி ஆட்டத்தை விட்டு விலகினார். 1931இல் வார்னர் பிரதர்ஸ் அவரை வைத்துப் பாடம் சொல்லும் குறும்படங்களை எடுத்தது. பார்க்க அழகான ஸ்விங். நீளமானது, சோம்பலாகத் தெரிவது, இடக் குதிகால் தரையை விட்டு எழும்புவது. ஆனால் அவர் பழகி வளர்ந்தது ஹிக்கரி மரத் தண்டு வைத்த மட்டைகளில். மரத் தண்டு வளையும், அதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்யும். அவசரப்பட்டு இழுத்தால் மட்டையின் முகம் திறந்துகொண்டுவிடும். அந்தத் தண்டுக்கு அவகாசம் கொடுத்துத்தான் ஆட வேண்டும். எஃகுத் தண்டை அமெரிக்கா முன்பே அனுமதித்திருந்தது. ஸ்காட்லாந்தின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் மன்றம் 1929இல்தான் ஒப்புக்கொண்டது. எஃகு அந்த அளவு முறுக்கிக்கொள்ளாது. பைரன் நெல்சன் போன்ற ஆட்டக்காரர்கள் அதைப் புரிந்துகொண்டு, கையின் சாகசத்தைக் குறைத்து, பெரிய தசைகளால் திருப்பும் ஸ்விங்கை அமைத்தார்கள். ‘மணிக்கட்டைச் சுழற்றி எடு’ என்று யாராவது பெரியவர் உங்களுக்குச் சொன்னால் கோபப்படாதீர்கள். அவர் சொல்வது மரத் தண்டுக்குச் சரி.

அடுத்தவர் பென் ஹோகன். இவரிடம் சற்று நேரம் நிற்கப்போகிறேன். கோல்ஃப் கற்பவர் எவரும் எப்படியும் இவர் வாசலில் வந்து நிற்பார். டெக்ஸாஸில் 1912இல் பிறந்தவர். 1949 பிப்ரவரியில் அவர் ஓட்டிவந்த கார் மீது ஒரு பேருந்து நேருக்கு நேர் மோதியது. இடுப்பெலும்பு, காறையெலும்பு, கணுக்கால் என்று பல எலும்புகள் முறிந்தன. மறு ஆண்டே மெரியன் மைதானத்தில் யுஎஸ் ஓபனை வென்றார். 1953இல் மாஸ்டர்ஸ், யுஎஸ் ஓபன், பிரிட்டிஷ் ஓபன் மூன்றையும் வென்றார். 1957இல் ஹெர்பர்ட் வாரன் விண்ட் உடன் சேர்ந்து எழுதி, ஆந்தனி ராவியெல்லி ஓவியம் வரைந்து, ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழில் ஐந்து பாடங்களாக வந்தது பிறகு ‘ஃபைவ் லெசன்ஸ்’ என்ற நூலானது. அதில் ஒரு ஓவியம் உலகப் புகழ் பெற்றது. பந்திலிருந்து தோள் வரை சாய்ந்து கிடக்கும் ஒரு பெரிய கண்ணாடிப் பலகை. ஆட்டக்காரரின் தலை அதில் உள்ள துளை வழியாக மேலே வந்திருக்கும். பேக்ஸ்விங்கில் கைகள் அந்தக் கண்ணாடியை ஒட்டியே மேலே போக வேண்டும், அதை உடைத்துக்கொண்டு வெளியே வரக் கூடாது. மட்டை போகும் பாதை தரைக்குச் சாய்ந்த ஒரு தளம் என்று இதைவிடத் தெளிவாகச் சொன்னவர் இல்லை.

ஆனால் இந்த நூலை வாசிக்கும்போது ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ஹோகனின் பகை ஹூக். பந்து கடுமையாக இடப்பக்கம் வளைந்து போகும் நோய். இளமையில் அவருடைய பிழைப்பையே அது கெடுத்தது. அதிலிருந்து தப்பத்தான் இடக் கைப்பிடியை இடப்பக்கம் திருப்பிப் பிடித்தார். 1955இல் ‘லைஃப்’ இதழில் தன் ‘ரகசியத்தை’ வெளியிட்டபோது, உச்சியில் இடது மணிக்கட்டைப் பின்னோக்கி மடக்குவதைப் பற்றிச் சொன்னார். இவை எல்லாம் மட்டையின் முகத்தைத் திறந்துவைக்கும் உபாயங்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது அதற்கு எதிரான நோய். ஸ்லைஸ். பந்து வலப்பக்கம் வளைந்து மரத்துக்குள் போய்விழும். அதற்குக் காரணம் முகம் ஏற்கெனவே திறந்திருப்பது. ஹூக் நோயாளி தனக்கு எழுதிக்கொண்ட மருந்துச் சீட்டை ஸ்லைஸ் நோயாளி வாங்கிச் சாப்பிட்டால் என்ன ஆகும்? கண்ணாடிப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை ஹோகனிடமே விட்டுவிடுங்கள். ஹோகன் பக்தர்கள் என்னை மன்னிக்கட்டும்.

இனி செய்முறை. வலக்கை ஆட்டக்காரருக்காகச் சொல்கிறேன். இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். ஃபில் மிக்கெல்சன் மற்ற எல்லாவற்றுக்கும் வலக்கைக்காரர். சிறுவயதில் அப்பாவின் எதிரே நின்று, கண்ணாடியில் தெரிவதைப் போலப் பார்த்துப் பார்த்துச் செய்ததால் கோல்ஃபில் மட்டும் இடக்கைக்காரர் ஆனார்.

அசைவதற்கு முன் கைப்பிடி. மட்டையை உள்ளங்கையின் நடுவில் வைத்து இறுக்காதீர்கள், விரல்களில் வைத்துப் பிடியுங்கள். குனிந்து பார்த்தால் இடக் கையில் இரண்டோ மூன்றோ விரல் முட்டிகள் தெரிய வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்தில் விழும் கோடு வலத் தோளைப் பார்க்க வேண்டும். எவ்வளவு இறுக்கம்? மணிக்கட்டு தடையில்லாமல் மடங்க வேண்டும், மட்டையும் நழுவக் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இது சொல்வது போல எளிதில்லை. உள்ளங்கை வியர்க்கும், மட்டை வழுக்கும், பயந்து இன்னும் இறுக்குவீர்கள், முன்கை விறைக்கும். விறைத்த கையால் மட்டையைத் தூக்கத்தான் முடியும். உடம்போடு சேர்த்துத் திருப்ப முடியாது. பையில் இரண்டு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். கையுறையை ஒவ்வொரு அடிக்கும் பிறகு கழற்றி உலரவிடுங்கள். அற்பமாகத் தெரியும். பேக்ஸ்விங்கின் பல கோளாறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

நிற்கும் முறையில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். முதுகை வளைத்துக் குனியாமல் இடுப்பு மூட்டில் மடங்குங்கள். முதுகு நீண்டு நேராக இருக்கும், கைகள் தோளிலிருந்து தளர்ந்து தொங்கும், முழங்கால் லேசாக இளகும். முதுகு வில்லாய் வளைந்தவருக்குத் தோள் திரும்பாது. அவர் கையைத்தான் தூக்குவார்.

இப்போது முதல் ஒன்றரை அடி. இதுதான் மொத்தப் பேக்ஸ்விங்கின் உயிர்நிலை. இரண்டு கைகளும் தோள்களும் ஒரு முக்கோணமாக இருக்கின்றன அல்லவா? அந்த முக்கோணம் கலையாமல் மார்போடு சேர்ந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். மணிக்கட்டு இப்போது ஒன்றும் செய்யக் கூடாது. மட்டையின் தலை தரையை ஒட்டித் தாழ்வாகவே பின்னால் போகும். கை வலது தொடைக்கு நேரே வந்து, தண்டு தரைக்கு இணையாகும்போது நிறுத்திப் பாருங்கள். தண்டு உங்கள் கால் நுனிகளை இணைக்கும் கோட்டுக்கு இணையாக இருக்கிறதா? மட்டையின் முகம் உங்கள் முதுகின் சாய்வுக்கு ஏறக்குறைய இணையாக, கொஞ்சம் தரையைப் பார்த்து இருக்கிறதா? இரண்டும் ஆம் என்றால் மீதிப் பாதை பாதி சரியாகிவிட்டது.

புதியவர்கள் இங்கே என்ன செய்கிறார்கள்? முன்கையைச் சுருட்டி, மட்டையைச் சட்டென்று தன் பின்பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள். மட்டை இடுப்பைச் சுற்றிப் பின்னால் போய் மாட்டிக்கொள்கிறது. அங்கிருந்து உயரம் போக வேறு வழியில்லாமல் கையால் தூக்குகிறார்கள். தூக்கிய மட்டை இறங்கும்போது வெளிப்புறமிருந்து குறுக்கே வெட்டிக்கொண்டு வருகிறது. பந்து வலப்பக்கம் பறக்கிறது. அவர் உடனே கீழே வரும் அசைவைத் திருத்தப் போகிறார். பிழை நடந்ததோ முதல் ஒன்றரை அடியில்.

அடுத்து, இடக் கை தரைக்கு இணையாக வரும் நேரம். இப்போதுதான் கீல் மடங்க வேண்டும். கட்டைவிரல் இருக்கும் திசையில், மேல்நோக்கி. இடக் கையும் தண்டும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்கும். மட்டையின் கைப்பிடி முனை தரையில் பந்தை ஒட்டிய கோட்டைக் காட்டினால் தளம் சரி. வானத்தைக் காட்டினாலோ, உங்கள் கால் விரலைக் காட்டினாலோ சரியில்லை.

அங்கிருந்து உச்சி வரை உடம்பு திரும்பி முடிப்பதுதான் மிச்சம். பாடநூல்கள் தோளுக்கு 90 பாகை, இடுப்புக்கு 45 பாகை என்று எழுதும். உங்கள் முதுகு இலக்கைப் பார்க்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இடத் தோள் தாடைக்கு அடியில் வரும். நீங்கள் முன்னால் மடங்கி நிற்பதால் தோள் திரும்பும்போது கொஞ்சம் கீழே இறங்கியபடி திரும்ப வேண்டும். தரைக்கு இணையாகத் திருப்பினால் உடம்பு நிமிர்ந்துவிடும், பிறகு பந்தின் தலையைத்தான் தட்டுவீர்கள். வல முழங்கை தரையைப் பார்த்து இருப்பது நல்லது. இடது மணிக்கட்டின் மேல் ஒரு அடிக்கோலை வைத்தால் படிய வேண்டும். உடம்பின் எடை வலது பாதத்தின் உட்புறத்தில் உணரப்பட வேண்டும்.

தோள் அதிகம், இடுப்பு குறைவாகத் திரும்ப வேண்டும் என்பதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்? ஈரத் துணியைப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறு முனையைத் திருகினால்தான் தண்ணீர் வரும். இரண்டு முனையும் சேர்ந்து சுற்றினால் வராது. 1992இல் ஜிம் மெக்லீன் என்ற ஆசிரியர் தோளுக்கும் இடுப்புக்கும் உள்ள இந்த வித்தியாசத்துக்கு ‘எக்ஸ் ஃபேக்டர்’ என்று பெயர் சூட்டி ‘கோல்ஃப் மேகசின்’ இதழில் எழுதினார். கோல்ஃப் உலகமே அதன் பின்னால் ஓடியது. இடுப்பைக் கல்லாகப் பிடித்துக்கொண்டு தோளை மட்டும் திருகுவது நாகரிகமானது.

ஆனால் நம்மில் பலர் நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள். இடுப்பு மூட்டும் நடுமுதுகும் இறுகிப் போனவர்கள். அப்படிப்பட்டவர் இடுப்பைப் பூட்டிவைத்துத் தோளைத் திருகினால் சுமை முழுவதும் கீழ்முதுகில் இறங்கும். கோல்ஃப் ஆடுபவர்களுக்கு அதிகம் வலி வரும் இடமே அதுதான். டைகர் வுட்ஸுக்கு 2017இல் கீழ்முதுகு எலும்புகளை இணைக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன்பும் முதுகில் பல முறை சிகிச்சை. அவர் அளவுக்கு யாரும் முதுகைச் சுழற்றப்போவதில்லை என்றாலும், அவருக்கு இருந்த உடற்கட்டும் நமக்கு இல்லை. ஐம்பதைத் தாண்டியவர்கள் பாபி ஜோன்ஸ் செய்ததைச் செய்யலாம். இடக் குதிகால் எழும்பட்டும், இடுப்பும் சேர்ந்து திரும்பட்டும். ஜாக் நிக்லாஸும் குதிகாலை உயர்த்தி ஆடியவர்தான். அவர் வென்ற பெரிய பட்டங்கள் 18.

நிக்லாஸ் பெயரை எடுத்ததும் தலை விவகாரம் வருகிறது. சிறுவனாக இருந்த அவருக்குக் கற்றுக்கொடுத்த ஜாக் க்ரௌட், தலை நகரக் கூடாது என்பதில் பிடிவாதமானவர். உதவியாளர் ஒருவரை எதிரே நிறுத்தி, பையனின் தலைமுடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். தலை அசைந்தால் முடி இழுபடும். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். பயிற்சித் திடலில் பக்கத்தில் நிற்கும் எவரும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், ‘தலையைத் தூக்காதே, தலையைக் குனி’ என்று இலவசமாகச் சொல்வார். கதையின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. மட்டையை எடுப்பதற்குச் சற்று முன் நிக்லாஸ் தன் தாடையை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பிவைத்துக்கொள்வார். இடத் தோளுக்கு வழிவிடுவதற்காக.

தாடையை மார்பில் புதைத்துக்கொண்டு தலையை இறுக்கிப் பிடிக்கும் புதியவருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். தோள் வந்து தாடையில் முட்டி நிற்கிறது. மேற்கொண்டு திரும்ப முடியாமல் மேல் உடம்பு இலக்கின் பக்கம் சாய்கிறது. எடை வலக் காலுக்குப் போவதற்குப் பதில் இடக் காலில் ஏறுகிறது. கீழே வரும்போது அவர் பின்னால் விழுந்தபடி அடிக்கிறார். தலையைப் பற்றிய நல்லெண்ண அறிவுரை செய்யும் கேடு இது. தலை ஓரிரு அங்குலம் வலப்பக்கம் நகர்வதில் தவறில்லை. தாடையும் மார்பும் ஒட்டாமல் இடைவெளி இருக்கட்டும்.

இதற்கு மறுகோடியில் இருப்பது ஊசலாட்டம். திரும்புவதற்குப் பதிலாக இடுப்பு முழுவதும் வலப்பக்கம் நகர்ந்து, எடை வலப் பாதத்தின் வெளி விளிம்புக்குப் போய்விடுவது. இதைப் பிடிப்பது எளிது. வீட்டில் சுவருக்குப் பக்கவாட்டில், வல இடுப்பு சுவரிலிருந்து ஒரு விரற்கடை விலகி இருக்குமாறு நின்று, மட்டை இல்லாமல் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு திரும்புங்கள். இடுப்பு சுவரில் மோதினால் நீங்கள் நகர்கிறீர்கள், திரும்பவில்லை.

இடக் கை நேராக இருக்க வேண்டும் என்பதும் அரைகுறையாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒன்று. நீண்டு இருந்தால் போதும், இரும்புக் கம்பியாய் விறைக்க வேண்டியதில்லை. தோள் திரும்பி முடிந்த பிறகும் மட்டையை இன்னும் மேலே கொண்டுபோக ஆசைப்படும்போதுதான் அந்த முழங்கை மடங்குகிறது, விரல்கள் பிடியை விடுகின்றன. தோள் நின்ற இடத்தில் பேக்ஸ்விங்கும் முடிந்தது. அது முக்கால் பங்காக இருந்தாலும் சரி, அரைப் பங்காக இருந்தாலும் சரி. நீளம் கடைசியில் கற்க வேண்டியது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்த அதிதி அசோக், அந்தப் போட்டியில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் ஒருவர். தன்னைவிட வெகு தூரம் அடித்தவர்கள் பலரை அவர் பின்னுக்குத் தள்ளினார்.

எப்படிப் பழகுவது? ஹார்வி பெனிக் என்ற டெக்ஸாஸ் ஆசிரியரின் குறிப்பேடு 1992இல் ‘லிட்டில் ரெட் புக்’ என்று வெளிவந்தது. ஆட்டத்தைக் குழியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி, முதல் அடி அடிக்கும் டீ வரை கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பேக்ஸ்விங்குக்கு இது மிகவும் பொருந்தும். இரண்டடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டும் ‘பட்’ அடியில் பேக்ஸ்விங் ஒரு சாண் கூட இல்லை. பந்தைச் சற்றே தூக்கிப் போடும் ‘சிப்’ அடியில் முழங்கால் உயரம். அங்கே முக்கோணம் கலையாமல் இருந்தால், அதையே இடுப்பு உயரத்துக்கும், பிறகு மார்பு உயரத்துக்கும் வளர்க்கலாம். முதல் நாளே ‘டிரைவர்’ என்னும் நீண்ட மட்டையை வாங்கிக்கொண்டு திடலுக்கு வருபவர் இந்த ஏணியின் உச்சிப் படியில் ஏறி நின்றுகொண்டு கீழே பார்க்கிறார். ஏழாம் எண் அயர்ன் மட்டை ஒன்று போதும், வெகு நாளைக்கு.

பழகும்போது மனதை எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. 1999இல் காப்ரியேலே வுல்ஃபும் இரு சக ஆராய்ச்சியாளர்களும் கோல்ஃபே ஆடியிராதவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். ஒன்பதாம் எண் அயர்னால் ஒரு சிறு இலக்கை நோக்கிப் பந்தைத் தூக்கிப் போட வேண்டும். ஒரு குழுவிடம் கைகள் வீசுவதைக் கவனிக்கச் சொன்னார்கள். மற்றொரு குழுவிடம் மட்டை வீசுவதைக் கவனிக்கச் சொன்னார்கள். மட்டையைக் கவனித்தவர்களே துல்லியமாக அடித்தார்கள்; மறுநாள் எந்தக் குறிப்பும் கொடுக்காமல் சோதித்தபோதும் அவர்களே மேல். ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்த இந்தியாவின் பழைய ‘கேடி’களை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1991இல் இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர், 2009இல் அதை வென்ற பெங்களூரு முனியப்பா, இருவரும் பை தூக்கித் தொடங்கியவர்கள். முழங்கை எத்தனை பாகை என்று யாரும் அவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

அதனால் நான் சொன்ன கோணங்களையெல்லாம் நிதானமாக, வீட்டில், மட்டையை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது பயன்படுத்துங்கள். பந்தின் முன் நிற்கும்போது அவற்றை விட்டுவிடுங்கள். அங்கே ஒரே ஒரு எண்ணம், அதுவும் மட்டையைப் பற்றியதாக இருந்தால் போதும். மட்டையின் தலை தரையை ஒட்டிப் போகட்டும் என்பது எனக்குத் தெரிந்த எண்ணங்களில் நல்லது. இதைப் பழக ஒரு வழி: பந்துக்குப் பின்னால், மட்டைக்கும் பின்னால், இன்னொரு பந்தை வைத்துவிட்டு, மட்டையை எடுக்கும்போது அந்தப் பந்தைப் பின்னோக்கி மெதுவாக உருட்டிவிடுவது. மட்டையைச் சட்டென்று தூக்கினால் அது உருளாது. உள்ளே சுருட்டினால் கோணலாக ஓடும். நேராக உருண்டு போனால் முதல் ஒன்றரை அடி சரி.

கேள்விகள் இருக்கும் என்று தெரிகிறது. முன்வரிசையில் அம்மா ஒருவர் நெடுநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். வெளியே வெளிச்சம் இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கும். கேள்விகளைப் புல்தரையில் வைத்துக்கொள்ளலாம். மட்டை கொண்டுவந்தவர்கள் ஏழாம் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் குடையோ தடியோ கிடைத்ததை எடுத்துக்கொண்டு வாருங்கள். பந்து இப்போதைக்கு வேண்டாம்.